ஆயிடுத்தா?

அத்தியாயம் பதினொன்று

கோமளத்தம்மாளைத் திட்டி வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். மருமகளை இரண்டு வருஷமாக அடுப்பைத் தொட விடாத மாமியாருக்கு எப்போது தண்டனை கொடுக்கப்போகிறீர் என்று திருவள்ளூர்ச் சகோதரி ஒருவர் என்னையே மிரட்டியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா. கோமளம் ராட்சசி அல்ல. ராட்சசியாக இருந்திருந்தால் ருக்மிணிக்கு எவ்வளவோ சௌகரியம். நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டியிருக்கலாம்.

கோமளத்தின் வீட்டில் சாளக்கிராமப் பெருமாள் இருக்கிறார். அவருக்குப் படைக்கிற சோற்றைப் பொங்கும் கைக்கு சமாஸ்ரயணம் ஆகியிருக்க வேண்டும். ஹோமத் தீயில் காய்ச்சிய சக்கரத்தையும் சங்கையும் ஆசார்யன் இரண்டு தோள்களிலும் ஒற்றுவார். காதில் மந்திரம் சொல்லுவார். பெருமாளுக்கு அடிமை என்று பெயரும் வைப்பார். ஆயுளில் ஒரே தடவை, ஒரே ஆசார்யன். அது ஆகாத பெண் காய் நறுக்கலாம், மாவு அரைக்கலாம், பாத்திரம் துலக்கலாம். பானையை அடுப்பில் ஏற்றக் கூடாது.

ருக்மிணிக்கு அது ஆகவில்லை என்று கோமளம் நம்பிக்கொண்டிருக்கிறாள். ருக்மிணிக்கோ ஒன்பதாவது வயதிலேயே ஆகிவிட்டது. வம்பு அவ்வளவுதான்.

ருக்மிணி மாமல்லபுரத்துப் பெண். தென்கலை வீடு. அவளைக் கைப்பிடித்த வெங்கடராகவன் செங்கல்பட்டில் கோர்ட்டு குமாஸ்தா. வடகலை. இரு வீட்டாரும் கும்பிடுவது ஒரே பெருமாளைத்தான். ஆனால் நெற்றி நாமத்திலிருந்து ஆசார்யன் வரைக்கும் வேறு வேறு. கல்யாணப் பேச்சு வந்தபோது கோமளம் மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு அவாத்து ஆசார்யன்கிட்டே ஆயிடுத்தா?" ஆகிவிட்டதென்றால் நம் ஆசார்யனிடம் மறுபடி செய்ய முடியாது, அந்தப் பெண் நம் பெருமாளுக்குப் பொங்க முடியாது, ஆகவே சம்பந்தமே வேண்டாம் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடக்கம். வெங்கடராகவனோ பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சோறு இறங்காமல் கிடந்தான். "ஆகலைம்மா" என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பொய்க்குள்தான் ருக்மிணி இரண்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறாள். புக்ககத்தில் முதல் நாள் காலையில் குளித்துவிட்டு அடுப்பருகே போனவளைக் கோமளம் சிரித்துக்கொண்டே தடுத்தபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அன்று வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒரு நாள் திறக்காத வாய் மறுநாள் திறப்பதற்கு இன்னும் கஷ்டம். தோளில் இருந்த தழும்பும் என்றைக்கோ மறைந்துவிட்டது. இப்போது அவள் வார்த்தையைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

கோமளத்தின் வடகலை ஆசார்யன் இப்போது யாத்திரையாகக் கிளம்பியிருக்கிறார். இன்று ஒரு நாள் தங்கப்போகிறார். எங்கே தெரியுமா? மாமல்லபுரத்தில்!

* * *

முதல் பஸ்ஸிலேயே நாலு பேரும் ஏறிவிட்டார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை கோமளத்தின் வாய் ஓயவில்லை.

"இவதான் என் மாட்டுப்பொண்ணு" என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் ருக்மிணியைக் காட்டினாள். "இன்னிக்கு இவளுக்கு சமாஸ்ரயணம். சாயங்காலம் ஆத்துக்குப் போய்ப் பெருமாளுக்கு இவ கையாலே பாயசம். இன்னியோட கரண்டியை இவகிட்டே கொடுத்துட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்துக்கப் போறேன்."

அவள் விரல்கள் வாதத்தில் வீங்கி மடங்காமல் நின்றன. அந்த விரல்களால்தான் இரண்டு வருஷமாகப் பானை இறக்குகிறாள். மழை நாட்களில் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் ருக்மிணி அரிவாள்மணையோடு உட்கார்ந்திருப்பாள். எழுந்து போய் இறக்கவேண்டும் என்று கை துடிக்கும். நாலடி தூரம். போக முடியாது.

"மன்னி" என்று காதோரம் கூப்பிட்டாள் வத்சலா. வெங்கடராகவனின் தங்கை. இருபத்திரண்டு வயது. இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் நிறத்தைச் சொல்லியோ நட்சத்திரத்தைச் சொல்லியோ தட்டிப்போயின. இப்போது மதுராந்தகத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையனுக்கு ரயில்வேயில் வேலை.

"என்னடி?"

"மதுராந்தகத்து மாமியும் இன்னிக்கு வராளாம். உங்களுக்கு ஆனதைக் கண்ணாலே பார்த்துட்டா தையிலேயே முகூர்த்தம்னு சொன்னாளாம்."

பையனைப் பெற்ற அந்த மதுராந்தகத்து மாமிக்கு அதே ஆசார்யன்தான் உயிர். சம்பந்தம் செய்கிற வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவரிடம் சமாஸ்ரயணம் ஆகியிருக்க வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போட்டவள்.

"அவர் பெண் பார்த்துட்டுக் கிளம்பறச்சே வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தார் மன்னி. நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு வத்சலா ருக்மிணியின் முழங்கைக்குள் தன் கையை விட்டுக்கொண்டாள். இந்த வீட்டில் ருக்மிணிக்கு முதலில் கிடைத்த கை அதுதான். ருக்மிணி ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை.

* * *

பிறந்த ஊருக்குள் ஒரு திருடியைப் போல நுழைவது எப்படி இருக்கும் என்று அன்று ருக்மிணி கண்டுகொண்டாள். கோயில் தெருவில் இரண்டு பேர் அடையாளம் கண்டு சிரித்தார்கள். நின்று பேசினால் என்ன சொல்லிவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

குளத்தின் படியில் அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார்.

பாஷ்யம் தலசயனப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். ஈர வேஷ்டி, கையில் பித்தளைச் செம்பு, நெற்றியில் இப்போதுதான் இட்ட பாதம் வைத்த தென்கலை நாமம். அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சம்பந்திக்கு ஜுரம், படுத்திருக்கிறார், அதனால்தான் வரவில்லை என்று வெங்கடராகவன் காலையில்தான் தாயிடம் சொல்லியிருந்தான்.

பாஷ்யம் ஒரு கணம் நின்றார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, குளித்துவிட்டு ஏறிய மனிதர் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினார். நாமம் கரையும் என்றுகூட யோசிக்கவில்லை. தலை முழுகும் வரை இறங்கினார்.

கோமளம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வயதில் ருக்மிணியை மடியில் உட்கார்த்தி, இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் இந்த அப்பாதான். "வலிக்கும்டி. ஆனா இனிமே நீ யாருன்னு உனக்கு யாரும் வந்து சொல்லவேண்டாம்" என்றார். அம்மா இல்லாத பெண்ணுக்கு அந்த வார்த்தை பெரிய சொத்தாக இருந்தது. ஊர் அவளை ருக்மிணி என்று கூப்பிட்டது. அவளோ ராத்திரி தூங்குமுன் தன்னைத்தானே ராமானுஜ தாசி என்று கூப்பிட்டுக்கொள்வாள். பயம் வந்தாலும் அதுதான், அழுகை வந்தாலும் அதுதான். கல்யாணமான புதிதில் செங்கல்பட்டு வீட்டில் யாருமே தன்னை அறியாதபோதுகூட அந்தப் பெயர் அவளை அறிந்திருந்தது.

அந்தப் பெயரைக் கொடுத்த நெருப்புக்குச் சாட்சி அப்பா. சாட்சி தண்ணீருக்குள் இருந்தார்.

* * *

ஆசார்யன் தங்கியிருந்த சத்திரத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. வெங்கடராகவனை அங்கே பிடித்தாள் ருக்மிணி.

"அப்பாகிட்டே என்ன சொன்னேள்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "போன வாரம் வந்து பேசினேன். முதல்லே முடியவே முடியாதுன்னார். அப்புறம், குழந்தை நன்னா இருந்தா சரி, நான் சத்திரத்துப் பக்கம் வரலைன்னுட்டார்."

"குழந்தைகிட்டே ஒரு வார்த்தை கேட்டேளா ரெண்டு பேரும்?"

"மெதுவாப் பேசு ருக்கு. ரெண்டு நிமிஷ வலி. பல்லைக் கடிச்சுண்டா போயிடும்."

"வலியைப் பத்தி யார் பேசினா?"

"பின்னே?"

"நாளைக்கு யாரோ வந்து, உமக்குப் பூணூலே போடலை, இத்தனை வருஷம் நீர் பண்ணின சந்தியாவந்தனமெல்லாம் பொய், இன்னிக்கு வந்து போட்டுக்கும் ஓய்னா உட்காருவேளா?"

வெங்கடராகவன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான்.

"வத்சலாவுக்காகன்னா உட்காருவேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே அது பெரிய காரியமில்லை. இவ்வளவு நல்லவனாக இருந்துகொண்டு இதை மட்டும் புரிந்துகொள்ள முடியாதவனிடம் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் ருக்மிணி சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லு. முதல்லே அம்மாகிட்டே சொல்லு, உங்க பிள்ளை பொய்யன்னு. அப்புறம் மதுராந்தகத்து மாமிகிட்டே சொல்லு. அப்புறம் வத்சலாகிட்டே நீயே சொல்லிக்கோ. நான் தடுக்கலை." போகத் திரும்பியவன் நின்றான். "உன்னைப் பண்ணிக்கணும்னுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். வேறே எதுக்கும் இல்லை ருக்கு."

ஆசைப்பட்டுச் சொன்ன பொய். அதையும் ஒரு கதவாகச் சாத்திவிட்டு அவன் உள்ளே போனான்.

* * *

சத்திரத்துக் கிணற்றடியில் கோமளம் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளால் சகடையில் கயிறு இழுக்க முடியாது. ருக்மிணி இழுத்து ஊற்றினாள்.

"பசிக்கிறதா? இன்னும் கொஞ்ச நாழிதான். ஆனதும் தீர்த்தம் சாதிச்சுடுவா, அப்புறம் சாப்பிடலாம்" என்றாள் கோமளம். காலையிலிருந்து அவளும் மருமகளோடு சேர்ந்து பட்டினி. அவளுக்கு இன்று பட்டினி இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

வேலிக்கு அப்பால் ஒரு பெரிய கூடையோடு போன கிழவி நின்றாள். கூடை நிறையக் கிளிஞ்சல். கடலோரக் குப்பத்து ஆதியம்மாள். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் கொண்டுவந்து கோயில் தெருவில் கொடுக்கிறவள்.

"யாரு, நம்ம ருக்குமணி பாப்பாவா? அட, இன்னா பாப்பா, எப்போ வந்தே? வூட்டாண்ட போவலியா?"

"போகணும் ஆதியம்மா" என்றாள் ருக்மிணி. கயிறு கையில் வழுக்கியது.

"இங்க இன்னா கூட்டமா கீது? ஓ, சூடு போடுற சாமியாரு வந்துகீறாரா?" ஆதியம்மாள் பொக்கை வாயால் சிரித்தாள். கோமளத்தின் பக்கம் திரும்பினாள். "இது கதை தெரியுமா உனுக்கு? கொயந்தையா இருக்கச் சொல்லோ இதுக்கும் போட்டாங்கம்மா, ரெண்டு தோள்லியும். எரிச்சல் தாங்காம ஒரே ஓட்டமா கடலுக்கு ஓடியாந்துச்சு. உப்புத் தண்ணியில எறங்காதேடி, இன்னும் எரியும்னு நான்தான் புடிச்சு நிறுத்துனேன். ஊரே சிரிச்சுது. கெவனம் கீதா பாப்பா?"

ருக்மிணி முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பெரிய மனுசி ஆயிட்டா, வெக்கப்படுது" என்று தானே முடிவு செய்துகொண்டு ஆதியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பாவம், அவள் பேரில் ஒரு தப்பும் இல்லை. ஆசையாக ஒரு பழைய கதையைச் சொன்னாள்.

வாளித் தண்ணீர் பாதி கீழே கொட்டிப்போயிற்று. கோமளம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை வயசிலே?"

"ஒன்பது."

"உங்காத்து ஆசார்யனா?"

"ஆமாம்மா."

"ராகவனுக்குத் தெரியுமோ?"

ருக்மிணி தலையைக் குனிந்தாள். அதுவே பதிலாகப் போயிற்று. கோமளத்தின் முகத்தில் கோபம் வரும் என்று ருக்மிணி எதிர்பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. பெற்ற பிள்ளை தனக்குச் சோறு போடாமல் ஏமாற்றியிருந்தால்கூட அவள் அப்படி இடிந்துபோயிருக்க மாட்டாள்.

"ரெண்டு வருஷம் நான் சுவரைப் பிடிச்சுண்டு நின்னேனே. நீ பார்த்துண்டு உட்கார்ந்திருந்தியேடி."

"தினமும் சொல்லணும்னு நினைச்சேம்மா. சொன்னா அவர் உங்க முகத்திலே முழிக்க முடியாது. சொல்லாம இருந்து இருந்து, எனக்கு ஆகவே இல்லையோன்னு எனக்கே சில நாள் சந்தேகம் வந்துடுத்து. அதுதான் பயமா இருக்கு. வேறே ஒண்ணுக்கும் நான் பயப்படலை."

கோமளம் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தாள். வெகுநேரம் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாந்தடவை பண்ணிக்கிறது ஆசார்ய அபசாரம்" என்றாள். "எனக்கு எட்டு வயசிலே எங்கம்மா சொன்னா. ஒரு கழுத்திலே ரெண்டு தாலியான்னு கேட்டா. உனக்கு இது நடக்கப்படாது. நடக்கவே படாது ருக்கு."

ருக்மிணிக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. இரண்டு வருஷத்தில் தன் மனசை அப்படியே எடுத்துச் சொன்ன முதல் ஆள் இவள்தான். அம்மா என்று கூப்பிட்டு அந்த மடியில் விழுந்துவிடலாமா என்று இருந்தது.

"அம்மா!" என்று தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டது வத்சலா. முகமெல்லாம் சிரிப்பு. "மதுராந்தகத்து மாமி வந்துட்டா! மன்னியை அழைச்சுண்டு சீக்கிரம் வாங்கோ!"

கோமளம் மகளைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இந்தப் பெண்ணை இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்திருப்பாள். எழுந்தபோது அவள் வேறு கோமளமாக இருந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லவேண்டாம்" என்றாள் ருக்மிணியைப் பார்க்காமல். "ஸ்வாமி கேட்டா நான் சொல்லிக்கறேன். உனக்கு ஒரு பாவமும் இல்லை. அபசாரம் என் தலையிலே விடியட்டும்."

"அம்மா, நீங்களா?"

"நான்தான். வா."

வீங்கிய விரல்கள் ருக்மிணியின் மணிக்கட்டைப் பிடித்தன. உதறினால் விட்டுவிடும், அவ்வளவு பலவீனமான பிடி. ருக்மிணியால் உதற முடியவில்லை. திருவள்ளூர்ச் சகோதரியே, இப்போது சொல்லுங்கள், யாருக்குத் தண்டனை கொடுக்கட்டும்?

* * *

கூடத்தில் புகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடிசார்ப் புடவையில் ஒவ்வொருத்தியாக எழுந்துபோய் ஸ்வாமியின் முன்னால் மணையில் உட்காருவதும், தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க எழுந்து வருவதுமாக இருந்தது. சக்கரமும் சங்கும் கங்குகளின் நடுவே பழுத்துக் கிடந்தன. மதுராந்தகத்து மாமி முன்வரிசையில் சுவரோரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வத்சலா, இப்போதே அந்த வீட்டுப் பெண் மாதிரி விசிறிக்கொண்டிருந்தாள்.

"செங்கல்பட்டு வெங்கடராகவன் பார்யாள்" என்று சிஷ்யர் கூப்பிட்டார்.

ருக்மிணி மணையில் உட்கார்ந்தாள். கோமளம் பின்னால் நின்றாள். வெங்கடராகவன் தூணுக்கு அருகில்.

ஸ்வாமி வயோதிகர். கண் சரியாகத் தெரியாது. எல்லோரிடமும் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்.

"இதுக்கு முன்னாலே எங்கேயாவது ஆயிடுத்தா?"

"ஆகலை ஸ்வாமி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ருக்மிணி திரும்பிப் பார்த்தாள். கோமளம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாகப் பெருமாளுக்கு முன்னால் உப்புப் போட மறந்ததைக்கூட ஒப்புக்கொள்கிற மனுஷி. வேர்வை கழுத்தில் வழிந்தது.

இனி ருக்மிணி ஒன்றுமே செய்யவேண்டாம். கணவன் சொல்லிவிட்டான், அப்பா ஒதுங்கிவிட்டார், மாமியார் பாவத்தை வாங்கிக்கொண்டுவிட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இப்போது மறுத்தால் பொய்யர் ஆவது கணவன் மட்டும் அல்ல, ஆசார்யன் சந்நிதியில் நிற்கிற இந்தக் கோமளமும்தான். சாயங்காலம் பாயசம். தையில் முகூர்த்தம். எல்லோரும் சேர்ந்து அவளுக்கு எவ்வளவு அழகாக வழி பண்ணிக்கொடுத்திருக்கிறார்கள்!

சிஷ்யர் சக்கரத்தைத் தீயிலிருந்து எடுத்தார்.

"சொல்லும்மா" என்றார் ஸ்வாமி. பெண்களுக்குச் சம்ஸ்கிருதம் தடுமாறும் என்று அவர் தமிழிலேயே சொல்லிக் கொடுப்பது வழக்கம். "இன்று முதல் அடியேன் பெருமாளுக்கு அடிமை."

ருக்மிணி வாயைத் திறந்தாள்.

"அடியேன் பெருமாளுக்கு அடிமை."

"இன்று முதல்" என்று எடுத்துக் கொடுத்தார் ஸ்வாமி.

"அடியேன்..."

"இன்று முதல்."

அது வரவில்லை. மற்றவர்கள் சொன்ன பொய்களையெல்லாம் அவள் சுமந்துவிட்டாள். இதை அவள் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. இன்று முதல் என்றால் நேற்று வரை இருந்தவள் யார்? கடலுக்கு ஓடிய குழந்தை யார்? ராத்திரிகளில் தன்னைத்தானே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தைரியம் அடைந்தவள் யார்? அவர்கள் எல்லோரையும் இந்த இரண்டு வார்த்தையில் கொன்றுவிட்டு எழுந்துபோய்ப் பாயசம் வைக்கவேண்டும்.

"என்னம்மா?" என்றார் ஸ்வாமி. சக்கரம் ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னியிலேர்ந்து இல்லை ஸ்வாமி" என்றாள் ருக்மிணி. "ஒன்பது வயசிலேர்ந்து."

வத்சலாவின் விசிறி நின்றது.

"அப்போ இவா ஆகலைன்னு சொன்னாளே?" ஸ்வாமி மங்கலான கண்களை உயர்த்திக் கோமளத்தைத் தேடினார்.

கோமளம் அப்படியே தரையில் விழுந்து சேவித்தாள். எழுந்திருக்க விரல்கள் ஊன்றவில்லை. விழுந்தபடியே சொன்னாள். "தெரிஞ்சுதான் சொன்னேன் ஸ்வாமி. பொண்ணுக்காகச் சொல்லிட்டேன்."

ருக்மிணி மணையிலிருந்து எழுந்து அவளைத் தூக்கப் போனாள். கோமளம் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. வெங்கடராகவன்தான் வந்து தாயை எழுப்பினான்.

ஸ்வாமி சக்கரத்தை மறுபடி கங்கில் வைக்கச் சொன்னார். அடுத்த பெண்ணுக்காக.

"வேறே ஆசார்யன் தொட்ட தோளை நான் தொடப்படாது" என்றார். குரலில் கோபமில்லை. களைப்பு இருந்தது.

கோமளம் கேட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியாது. "அப்போ இவ கையாலே எங்காத்துப் பெருமாளுக்குத் தளிகை பண்ணலாமா ஸ்வாமி?"

ஸ்வாமி நெருப்பின் பக்கம் பார்வையைத் திருப்பினார். "நம்ம திருமாளிகைக்குத் திரும்பினதும் யோசிச்சுச் சொல்லியனுப்பறேன்" என்றார்.

மதுராந்தகத்து மாமி எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். சண்டை போடவில்லை. கௌரவமான மனுஷி.

"நாங்களும் அப்புறமாச் சொல்லியனுப்பறோம்" என்றாள்.

கல்யாணப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

* * *

வெளியே வெயில் ஏறியிருந்தது. கடற்காற்று மணலை வாரி வாசலில் போட்டுக்கொண்டிருந்தது.

நிஜத்தைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று கதைகளில் எழுதுகிறோம். ருக்மிணிக்கு லேசாகவில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு, தான் யார் என்ற சந்தேகம் அவளுக்கு இல்லை. அந்த ஒன்று மட்டும்தான் இல்லை. மற்ற எல்லாச் சந்தேகமும் இருந்தது.

கோமளம் சத்திரத்துப் படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்ன பொய், அம்மா சொன்ன பொய், மன்னியின் இரண்டு வருஷத்து மௌனம், எல்லாவற்றையும் வத்சலா ஒரே நாழிகையில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் ருக்மிணியைப் பயமுறுத்தியது.

"வத்சலா" என்று கூப்பிட்டாள்.

"எனக்காகக்கூட முடியலையா மன்னி?"

ருக்மிணி பொய் சொல்லியிருக்கலாம். வாய் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"முடியலைடி" என்றாள்.

வத்சலா தலையை ஆட்டினாள். தாயின் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். பிறகு அண்ணனிடம், ஏதோ கடைச் சாமான் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணா, திரும்பிப் போறச்சே பஸ்ஸிலே மூணு டிக்கெட் வாங்கினாப் போதும். மன்னிக்கு இந்த ஊரிலேயே வீடு இருக்கு."

எந்த வீடு? குளத்துக்குள் இறங்கி முகத்தை மறைத்துக்கொண்டவரின் வீடா?

ருக்மிணி கணவனைப் பார்த்தாள். வெங்கடராகவன் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை.

(தொடரும்)